ஒரே ராத்திரில ரெண்டு தடவை நாலு ஜாக்கி, சித்தப்பா ஏமாத்தினாரா?

கேள்வி சுருக்கமா இதுதான். பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்யாண வீடு, முந்தின நாள் ராத்திரி சொந்தக்காரங்க நாலு பேர் உக்காந்து விடிய விடிய 28 ஆடிருக்காங்க, சுமாரா 60 ஆட்டம். அதுல கேட்டவரோட சித்தப்பாவுக்கு ரெண்டு தடவை நாலு ஜாக்கியும் கையில வந்திருக்கு. எதிர் ஜோடில ஆடின மாமா பையன் ஃபோன எடுத்து கணக்குப் போட்டு "இது 129 கோடில ஒரு தடவை நடக்குற விஷயம், சீட்டுல ஏதோ பண்ணிட்டீங்க" ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார், சித்தப்பா காலைல டிபன் கூட சாப்பிடாம ஊருக்கு கிளம்பிட்டார். கணக்கு சரியா, அவர் ஏமாத்தினாரான்னு கேக்குறீங்க.

கணக்கு தப்பு. சரியா போட்டா 129 கோடில ஒண்ணு இல்ல, கிட்டத்தட்ட 40ல ஒண்ணு. ஏமாத்தினாரா இல்லையான்னு வெறும் நம்பர வெச்சு சொல்ல முடியாது, ஆனா அந்த நம்பர வெச்சு குத்தம் சொன்னது ரொம்ப தப்பு. நான் காலேஜ்ல புள்ளியியல் சொல்லிக் குடுக்குறவன், சின்ன வயசுல இருந்து 28 ஆடுறவன், எங்க குடும்பத்துலயும் இதே மாதிரி ஒரு ராத்திரி சண்டைல ரெண்டு வீடு பல வருஷம் பேசாம இருந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

28 தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கேரளாவுலயும் பாலக்காட்ட ஒட்டின நம்ம ஊர்கள்லயும் கன்னியாகுமரி பக்கமும் ஆடுற ஆட்டம். கட்டுல 2 முதல் 6 வரைக்கும் எடுத்துட்டா மிச்சம் 32 சீட்டு, ஒரு இனத்துக்கு எட்டு. ஜாக்கிக்கு 3 பாயிண்ட், ஒம்பதுக்கு 2, ஏஸுக்கு 1, பத்துக்கு 1, மத்ததுக்கு ஒண்ணும் கிடையாது, ஒரு இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28, பேரே அதுதான். முதல்ல ஆளுக்கு நாலு சீட்டு மொத்தமா போடுவாங்க, அத வெச்சு, இத்தனை பாயிண்ட் எடுப்போம்னு ஏலம் கேப்பாங்க, ஜெயிச்சவர் துருப்ப (மத்த இனங்கள வெட்டுற இனத்த) கவுத்து வெப்பார், அப்புறம் மிச்ச நாலு நாலா போடுவாங்க. இந்த "நாலு நாலா போடுறது" ங்கறத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இதுலதான் விஷயமே இருக்கு.

இப்ப மாமா பையன் எங்க தப்பு பண்ணார்னு பாப்போம். அவர் போட்டது இப்படித்தான் இருக்கணும்: முதல் சீட்டு ஜாக்கியா இருக்க 32ல 4, அடுத்தது 31ல 3, அப்புறம் 30ல 2, 29ல 1, எல்லாத்தையும் பெருக்கினா 35,960ல ஒண்ணு. ரெண்டு தடவை வந்துச்சேன்னு அத அதாலயே பெருக்கினா 129 கோடி வரும். பெருக்கல்ல தப்பே இல்ல, கேள்விதான் வேற. அவர் கண்டுபிடிச்சது முதல் நாலு சீட்டும் ஜாக்கியா வர வாய்ப்பு. சித்தப்பா கையில இருந்தது எட்டு சீட்டு. எட்டு இடத்துல எந்த நாலுலயும் ஜாக்கி உக்காரலாம், அப்படி நாலு இடம் பொறுக்க 70 வழி இருக்கு, அதனால 35,960ஐ 70ஆல வகுக்கணும், வர்றது 514ல ஒண்ணு. அவ்வளவுதான். நாலு ஜாக்கிங்கறது 514 கைக்கு ஒரு தடவை ஒருத்தருக்கு வர்ற விஷயம்.

அடுத்த தப்பு, 60 ஆட்டம் ஆடினத அவர் கணக்குலயே சேக்கல. ரெண்டே ரெண்டு ஆட்டம் ஆடி ரெண்டுலயும் நாலு ஜாக்கி வந்தா பெருக்கலாம், 60 ஆட்டத்துல ஏதோ ரெண்டுல வந்தா அந்த ரெண்டு எதுவா இருக்கலாம்னு பாக்கணும், 60ல ரெண்ட பொறுக்க 1,770 வழி இருக்கு. இதெல்லாம் சேத்துப் போட்டா ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு 60 ஆட்டத்துல ரெண்டு தடவையாவது நாலு ஜாக்கி வர வாய்ப்பு 160ல ஒண்ணு.

மூணாவது தப்புதான் பெருசு, படிச்சவங்களும் பண்றது. சித்தப்பாங்கற ஆள ஆட்டத்துக்கு முன்னாடி யாரும் குறிச்சு வெக்கல. வந்ததுக்கு அப்புறம்தான் அவர் பேர் அடிபட்டுச்சு. அதே நாலு ஜாக்கி ரெண்டு தடவை மாமாவுக்கு வந்திருந்தா மாமாதான் ஏமாத்தினார்னு பேச்சு வந்திருக்கும், உங்களுக்கு வந்திருந்தா உங்க மேல. அப்ப கேக்க வேண்டிய கேள்வி, நாலு பேர்ல யாராவது ஒருத்தருக்கு இப்படி நடக்க வாய்ப்பு எவ்வளவு? அதுதான் 40ல ஒண்ணு. வருஷத்துக்கு பத்து ராத்திரி இப்படி உக்காந்து ஆடுற குடும்பத்துல சராசரியா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இது நடக்கும், யாரும் எதுவும் பண்ணாமலே.

ஒரே ஆள்னு பாக்காம 60 ஆட்டத்துல ரெண்டு தடவையாவது யார் கையிலயாவது நாலு ஜாக்கி சேந்துச்சான்னு கேட்டா 8 சதவீதம், 12 ராத்திரிக்கு ஒண்ணு. (சில ஊர்ல நாலு ஜாக்கியும் ஒருத்தர்கிட்ட வந்தா ஆட்டத்த கலைச்சுட்டு திரும்ப போடணும்னு ரூல் உண்டு, அந்த மாதிரி ஆடுறவங்களுக்கு இது நல்லா தெரியும், 128 ஆட்டத்துக்கு ஒண்ணு கலையும்.)

இந்த 128ங்கற நம்பர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு, சொல்லாம தாண்ட முடியல. நாலு ஜாக்கியும் யாராவது ஒருத்தர் கையில சேர வாய்ப்பு 128.4ல ஒண்ணு. எனக்கு போட்ட முதல் நாலு சீட்டும் ஒரே இனமா இருக்க வாய்ப்பும் 128.4ல ஒண்ணு. தசமம் வரைக்கும் அதே. தற்செயல்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், இல்ல, ரெண்டும் ஒரே கணக்கு. நாலு ஆள், ஆளுக்கு எட்டு சீட்டு, அதே மாதிரி நாலு இனம், இனத்துக்கு எட்டு சீட்டு. முதல் ஜாக்கி யார்கிட்ட வேணா போகட்டும், ரெண்டாவது ஜாக்கி அவர்கிட்டயே போக மிச்சம் 31 இடத்துல அவரோடது 7, அடுத்ததுக்கு 30ல 6, அடுத்ததுக்கு 29ல 5. இப்ப இந்தப் பக்கம் வாங்க, என் முதல் சீட்டு எந்த இனமா வேணா இருக்கட்டும், ரெண்டாவது அதே இனமா இருக்க மிச்சம் 31 சீட்டுல 7, அப்புறம் 30ல 6, 29ல 5. ஆளையும் இனத்தையும் இடம் மாத்திப் போட்டா ஒண்ணு இன்னொண்ணா மாறிடுது. ஒரு பேப்பர்ல இத நீங்களே எழுதிப் பாத்தா அந்த சந்தோஷம் தெரியும்.

சரி, அபூர்வம் அபூர்வம்னு சொல்றோமே, 28ல எதெது எவ்வளவு அபூர்வம்? மூணு ஜாக்கி ஒருத்தர் கையில வர்றது 27ல ஒண்ணு, மேசைல யாருக்காவதுன்னா ஏழு ஆட்டத்துக்கு ஒரு தடவை, அத யாரும் பேசறதே இல்ல. எட்டு சீட்டும் பூஜ்யம், அதாவது ராஜா ராணி எட்டு ஏழு மட்டும், 817ல ஒண்ணு. முதல் நாலும் பூஜ்யம்னா 20ல ஒண்ணுதான், அதனால அது வந்து உதட்ட பிதுக்குறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். யாழ்ப்பாணத்துல 304 ஆடுவாங்க, அதே 32 சீட்டு, ஆனா ஜாக்கிக்கு 30, ஒம்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. அங்க பூஜ்யம்னா எட்டும் ஏழும் மட்டும்தான், மொத்தமே எட்டு சீட்டு, அந்த எட்டும் ஒருத்தர் கையில வரணும்னா ஒரு கோடியே 5 லட்சத்து 18 ஆயிரத்து 300ல ஒண்ணு. ராஜா ராணிக்கு ரெண்டு மூணு பாயிண்ட் குடுத்த ஒரே காரணத்துல 817 ஒரு கோடி ஆகிப் போச்சு, சீட்டு அதேதான்.

எட்டு சீட்டும் ஒரே இனம்னா 26 லட்சத்து 29 ஆயிரத்து 575ல ஒண்ணு. இத வாழ்நாள்ல பாத்தேன்னு சொல்றவங்கள நான் பொய் சொல்றாங்கன்னு சொல்ல மாட்டேன், ஏன்னு பின்னாடி வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாம அதிசயம்னு சொல்றது நாலு ஜாக்கி மட்டும் இல்ல. நாலு ஏஸ் வந்தாலும் சொல்லுவோம், நாலு ஏழு வந்தா கூட "டேய் இங்க பாரு" ன்னு காட்டுவோம், ஒரே இனத்துல ஜாக்கி ஒம்பது ஏஸ் பத்து நாலும் சேந்து வந்தாலும் சொல்லுவோம். எட்டு மதிப்புல எதாவது ஒண்ணோட நாலும் ஒருத்தர்கிட்ட சேர்றது 16 ஆட்டத்துக்கு ஒண்ணு, ஒரு இனத்தோட மேல் நாலும் ஒருத்தர்கிட்ட சேர்றது 32 ஆட்டத்துக்கு ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா 11 ஆட்டத்துக்கு ஒரு அதிசயம். 60 ஆட்டத்துல அஞ்சாறு. அதுல எது நடந்தாலும் "இது மட்டும் எப்படி" ன்னு அத தனியா பிடிச்சுக்கிட்டு கணக்குப் போட்டா பயங்கரமான நம்பர்தான் வரும்.

இனி கலைக்கிற விஷயம். மேல சொன்ன எல்லா நம்பரும் கட்டு நல்லா கலைஞ்சிருக்குன்னு வெச்சுப் போட்டது. வீட்ல நாம அப்படியா கலைக்கிறோம்? ஒரு ஆட்டம் முடிஞ்ச உடனே கவனிச்சுப் பாருங்க. ஒரு பிடிங்கறது நாலு சீட்டு, ஒருத்தர் ஆர்ட்டின் இறக்கினா மத்தவங்களும் கையில இருந்தா ஆர்ட்டின்தான் போடணும், அதனால நிறைய பிடிகள்ல நாலும், இல்லாட்டி மூணு சீட்டாவது ஒரே இனமா கவுந்து கிடக்கும். அத அப்படியே அள்ளி, ரெண்டு பக்கம் பிடிச்சதையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, தரைல ஒரு தட்டு தட்டி நேராக்கி, இடது கையில வெச்சுக்கிட்டு வலது கையால கொத்து கொத்தா உருவி மூணு நாலு தடவை மேல போடுவோம், பேச்சு மும்முரமா இருந்தா ரெண்டு தடவை. பக்கத்துல இருக்கறவர் வெட்டுவார். அப்புறம் நாலு நாலா எண்ணிப் போடுவோம்.

என்ன நடக்குதுன்னு புரியுதா? கொத்தா உருவுறதுல கட்டு துண்டு துண்டா இடம் மாறுது, துண்டுக்குள்ள வரிசை மாறுறதே இல்ல. நாலு ஆர்ட்டின் ஒட்டிக்கிட்டே இருக்கு, நாலு நாலா போடும்போது அது அப்படியே ஒருத்தர் மடியில போய் விழுது, முழுசா நாலும் இல்லாட்டி மூணாவது. அதனால வீட்டு ஆட்டத்துல முதல் நாலும் ஒரே இனமா வர்றது நான் சொன்ன 128ல ஒண்ண விட நிறையவே நடக்கும், எட்டும் ஒரே இனங்கறதும் 26 லட்சத்துல ஒண்ண விட எவ்வளவோ சுலபமா நடக்கும், பாத்தவங்க பொய் சொல்லல, அவங்க கட்டு கலையல.

52 சீட்டையும் நாலு பேருக்கு பதிமூணு பதிமூணா போட்டு ஆடுற பிரிட்ஜ்ல இதே சோம்பேறிக் கலைப்பு நேர் எதிரா வேலை செய்யும், கேட்டா ஆச்சரியமா இருக்கும். அங்கயும் ஒரு பிடி நாலு சீட்டு, பெரும்பாலும் ஒரே இனம். ஆனா போடும்போது ஒவ்வொண்ணா போடுவாங்க. ஒட்டிக்கிட்டு இருக்குற நாலு ஆர்ட்டினும் ஆளுக்கு ஒண்ணா பிரிஞ்சு போயிடும். அதனால கையால கலைச்ச பிரிட்ஜ்ல எல்லார் கையும் சமமா, சப்புன்னு இருக்கும். போட்டிகள்ல கம்ப்யூட்டர் கலைச்ச கைகள் வந்தப்ப "என்ன இது, இவ்வளவு கோணலா வருது, மெஷின்ல கோளாறு" ன்னு பழைய ஆட்டக்காரங்க சொன்னாங்க, மெஷின் சரியா கலைச்சிருந்துச்சு, இவங்க அதுவரைக்கும் பாத்துப் பழகினதுதான் கலையாத கட்டு.

எவ்வளவு கலைக்கணும்? 1992ல டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ்னு ரெண்டு கணித ஆளுங்க இத நிரூபிச்சாங்க. கட்ட ரெண்டா பிரிச்சு, ரெண்டு கட்டை விரலாலயும் சரசரன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து விடுற கலைப்பு இருக்கே, அது 52 சீட்டுக்கு ஏழு தடவை பண்ணணும். 32 சீட்டுக்கு ஒண்ணு கம்மி, ஆறு போதும். நாம பண்ற கொத்து உருவல்ல அதே அளவு கலையணும்னா ஆயிரக்கணக்குல பண்ணணும், யாராலயும் முடியாது.

ரொம்ப ஒழுங்கா கோத்தாலும் ஆபத்துதான். புதுக் கட்டு இனவாரியா அடுக்கி வரும். அத சரி பாதியா பிரிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு துல்லியமா ரெண்டு தடவை கோத்தா நாலு இனமும் மாறி மாறி வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணா போட்டா நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு முழு இனம் போயிடும். 1998 ஜனவரில இங்கிலாந்துல பக்கிள்ஷாம்ங்கற கிராமத்துல பிரிட்ஜ் மாதிரியே 13 சீட்டு போடுற விஸ்ட் ஆட்டத்துல நாலு கைக்கும் பதிமூணு பதிமூணா ஒரே இனம் வந்ததா செய்தி வந்துச்சு, 2011ல கைன்டன்ங்கற இன்னொரு கிராமத்துலயும் அதே. நல்லா கலைஞ்ச கட்டுல இது நடக்க வாய்ப்பு, 2235ன்னு எழுதி பின்னாடி இன்னும் 24 இலக்கம் போடுங்க, அதுல ஒண்ணு. உலகத்துல இருக்குற எல்லாரும் காலங்காலமா ஆடினாலும் ஒரு தடவை கூட நடக்கக் கூடாதது 13 வருஷத்துல ஒரே நாட்டுல ரெண்டு தடவை வந்துச்சுன்னா கட்டு சரியா கலையலன்னுதான் நான் எடுத்துக்குவேன், அதுக்காக அந்த வயசானவங்கள யாரும் திருடன்னு சொல்லல பாருங்க.

விஸ்ட்னு சொன்ன உடனே யார்பரோ ஞாபகம் வருது. இங்கிலாந்துல அந்தப் பட்டத்துல ஒரு பிரபு இருந்தார், 13 சீட்டுல ஒம்பதுக்கு மேல ஒண்ணு கூட இல்லாத கை வந்தா 1,000 பவுண்ட் தர்றேன், இல்லாட்டி எனக்கு 1 பவுண்ட்னு பந்தயம் கட்டுவாராம். உண்மையான வாய்ப்பு 1,828ல ஒண்ணு. கணக்கு தெரிஞ்சவர் பணம் பண்ணிருக்கார், அந்த மாதிரி கைக்கு இன்னைக்கும் அவர் பேர்தான்.

இப்ப உங்க சித்தப்பாவுக்கு வர்றேன். ஒட்டிக்கிட்டு வர்ற சீட்டுன்னு சொன்னேன்ல, ஜாக்கி அப்படி ஒட்டாது. ஜாக்கிதான் இனத்துல பெருசு, ஒரு பிடில ஒரு ஜாக்கி விழும், இன்னொரு ஜாக்கி வேற பிடில விழும். கலையாத கட்டுல நாலு நாலு கொத்தா ரெண்டு கொத்து ஒருத்தருக்கு போனா பெரும்பாலும் ரெண்டு ஜாக்கிக்கு மேல வராது. அதனால நாலு ஜாக்கி சேந்துச்சுன்னா ஒண்ணு அந்த ஆட்டத்துக்கு கட்டு நல்லா கலைஞ்சிருக்கணும், இல்ல யாரோ அடுக்கிருக்கணும். இத மறைக்காம சொல்றேன், ஏன்னா ஒரு பக்கமா பேசினா அதுவும் நியாயம் இல்ல.

ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்க, உங்களுக்கு ஞாபகம் இருந்தா ரெண்டு விஷயம் யோசிச்சுப் பாருங்க. அந்த ரெண்டு ஆட்டத்துலயும் கட்டு போட்டது யார்? முறை சுத்தி வரும்ல, எதிராளிங்க போட்ட கட்டுல அவருக்கு வந்திருந்தா அவர் எப்படி அடுக்க முடியும், பேச்சு அங்கயே முடிஞ்சுது. ரெண்டு தடவையும் அவரே போட்டிருந்தா, அது தானா அமைய 16ல ஒண்ணு, கொஞ்சம் யோசிக்கலாம், ஆனா அதுவும் தீர்ப்பு இல்ல.

இன்னொண்ணு, ஏலம் கேக்கும்போது அவர் கையில எத்தனை ஜாக்கி இருந்துச்சு? நாலு ஜாக்கி எட்டு சீட்டுல தானா வந்தா 70 தடவைல 36 தடவை முன்ன ரெண்டு பின்ன ரெண்டாதான் வரும், 32 தடவை மூணு ஒண்ணுன்னு வரும், நாலும் ஒரே கொத்துல வர்றது ரெண்டே தடவை. அடுக்குறவர் ஏலத்துக்கு முன்னாடியே கையில வர்ற மாதிரிதான் அடுக்குவார், ரெண்டாவது கொத்துல வந்து என்ன பிரயோஜனம், துருப்பே முடிவாகிருக்கும். அவர் முதல்ல 16, 17னு சாதாரணமா கேட்டுட்டு, இல்ல ஏலமே எதிராளிகிட்ட விட்டுட்டு, அப்புறம் ரெண்டாவது நாலு சீட்ட விரிச்சப்ப முகம் மலந்துச்சுன்னா அது இயல்பா வந்த கை. ரெண்டு தடவையும் முதல் நாலு சீட்டுலயே நாலு ஜாக்கியும் இருந்து, ரெண்டு தடவையும் எடுத்த எடுப்புல பெருசா கேட்டிருந்தா, அப்ப மாமா பையனோட 35,960 அந்த இடத்துல சரியான நம்பர், 60 ஆட்டத்த கணக்குல எடுத்தாலும் அது லட்சக்கணக்குல ஒண்ணுதான், சந்தேகப்படலாம். நீங்க எழுதினத பாத்தா அப்படி நடந்த மாதிரி தெரியல, முதல் தடவை அவர் பாஸ் சொன்னார்னு நீங்களே எழுதிருக்கீங்க.

முதல்ல சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணுங்க, மாமா பையனையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு. அவர் கெட்டவர் இல்ல, பெருக்கத் தெரிஞ்சிருக்கு, கேள்விய சரியா வெக்கத் தெரியல, இந்தப் பதில அவரையும் படிக்கச் சொல்லுங்க.

அடுத்த தடவை உக்காரும்போது ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. யாருக்காவது முதல் நாலு சீட்டும் ஒரே இனமா வந்தா ஒரு கோடு போடுங்க, ஏலம் முடிஞ்சு ஆட்டம் முடிஞ்சப்புறம் சொன்னா போதும். நல்லா கலைஞ்ச கட்டுல 32 ஆட்டத்துக்கு ஒண்ணு வரணும், 60 ஆட்டத்துல ரெண்டு, மூணு நாலு வந்தாலும் பரவால்ல. ஏழு எட்டு கோடு விழுந்துச்சுன்னா கட்டு கலையலன்னு அர்த்தம், அப்ப கொத்தா உருவுறத விட்டுட்டு ஆறு தடவை கோத்து கலைங்க, கோக்கத் தெரியாதவங்க எல்லா சீட்டையும் பாய்ல கவுத்துப் போட்டு ரெண்டு கையாலயும் ஒரு நிமிஷம் நல்லா அளாவி எடுங்க. எத்தனை கோடு விழுந்துச்சுன்னு இங்க எழுதுங்க, நான் பாக்குறேன்.